காசு மட்டும் எல்லாரிடமும், டேலி மட்டும் விண்டோஸுக்கா?

நாமக்கல்லில் முட்டைக் கணக்கு, சேலத்தில் ஜவ்வரிசிக் கணக்கு, திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக் கணக்கு... பல கடைகளில் எல்லாம் டேலிதான். பி.காம். முடித்து வேலைக்குப் போனால் முதல் கேள்வியே "டேலி தெரியுமா?"

ஆனால் டேலி விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸுக்கென்று பதிப்பு கிடையாது. லைசென்ஸுக்கு முழுப் பணம், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டியவர் லினக்ஸ் வைத்திருந்தால் வைன் போட்டு ஓட்டிப் பார்க்கணும். இல்லாவிட்டால் கிளவுடுக்குத் தனியாகக் காசு கட்டணும். வைனில் டேட்டா போனால் யாரைக் கேட்பது?

இது பொழுதுபோகாதவர்களின் புலம்பல் இல்லை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் ஏறும். ஆனாலும் டேலிக்காகவே சின்ன மண்டிக்காரர் புது மிஷின் வாங்கணும். என்ன நியாயம் இது?

"லினக்ஸில் ஆளே இல்லையே" என்பார்கள். சாஃப்ட்வேர் இல்லாமல் ஆள் எப்படி வரும்? கோழி முதலா முட்டை முதலா கதை, அதுவும் நாமக்கல்காரனிடமே! 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. டேலி பழக மாணவன் விண்டோஸுக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

ஜி.எஸ்.டி. ரிட்டர்னையே லினக்ஸ் பிரவுசரில் தாக்கல் செய்யலாம். டேலி ரிப்போர்ட்டையும் பிரவுசரில் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். பார்க்க வழி செய்தவர்களுக்கு, எழுத வழி செய்ய முடியாதா? முடியும். மனசுதான் இல்லை. வாடிக்கையாளர் கேட்பது சலுகை இல்லை. கொடுத்த காசுக்குப் பொருள்.