என்ன வாசிக்கிறீர்கள் என்று கேளுங்கள்

மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவரிடம் ஒரு நாளில் கேட்கப்படும் கேள்விகளை எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை உடலைப் பற்றியவை என்பது விளங்கும். காய்ச்சல் இறங்கியதா, வலி குறைந்ததா, இரவில் உறக்கம் வந்ததா, கஞ்சி எவ்வளவு குடித்தீர்கள் என்பனவே அவை. இக்கேள்விகள் யாவும் தேவையானவை. அவையின்றிச் சிகிச்சை நடவாது. ஆயினும், கேட்பதற்கு வேறு எதுவுமே இல்லை என்பதுபோல் நாள்கள் நகரும்போது, ஆசிரியராகவோ உழவராகவோ வீட்டுக்கு மூத்தவராகவோ வாழ்ந்த ஒருவர் மெல்ல மெல்லப் படுக்கை எண்ணாகச் சுருங்கிவிடுகிறார்.

இதனை மனத்திற்கொண்டே, இப்போது எந்த நூலை வாசிக்கிறீர்கள், அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று சென்ற இதழில் நோயாளிகளையும் உடனிருப்போரையும் கேட்டிருந்தோம். வந்த பதில்களைப் படித்தபின் எங்களுக்கு உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. நோயுற்றவருக்குப் புத்தகம் கொடுப்பது நல்லது. அப்புத்தகத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பது அதனினும் நல்லது.

எதிர்பார்த்தபடியே பொன்னியின் செல்வனைப் பலரும் குறிப்பிட்டிருந்தனர். டயாலிசிஸ் பிரிவுக்கு வந்துபோகும் ஒருவர், தாம் இரண்டாம் பாகத்தில் இருப்பதாகவும், வந்தியத்தேவன் அளவுக்கு மீறிப் பேசுவதாகத் தமக்குத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தார். அவருக்கு அடுத்த படுக்கைக்காரர் இதை ஒப்பவில்லை. அந்த வாய்த்துடுக்கு இல்லாவிட்டால் கதையே நகராது என்பது அவர் வாதம். ஒரு கையை அசைக்காமல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கிடக்கவேண்டிய இடத்தில், இயந்திரத்தின் அளவுகளை மறந்து இருவர் சோழநாட்டைப் பற்றி வாதிட்டிருக்கிறார்கள். இது சிறிய செய்தி அன்று.

நூலை முடித்தபின்தான் கருத்துச் சொல்லவேண்டும் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அந்த நாவலே 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்ததுதான். அன்றைய வாசகர் எவரும் முடிவை அறிந்துகொண்டு பேசவில்லை. அடுத்த வாரம் வரும்வரை, படித்த அளவைக் கொண்டே பேசினார்கள். பரிசோதனை முடிவுக்காகவும் அடுத்த மருந்தேற்றத்துக்காகவும் காத்திருப்போருக்கு அத்தகைய பேச்சின் அருமை நன்கு தெரியும்.

வாசகரின் கருத்து வெறும் பொழுதுபோக்கும் அன்று. 1966-இல் ஆனந்த விகடனில் வெளியான ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், தீங்குக்கு ஆளாகி வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் நீரூற்றி, அவள்மீது களங்கம் இல்லை என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவை ஏற்றோரும் மறுத்தோரும் கடுமையாக வாதிட்டனர். அத்தாய் வேறுவிதமாக நடந்திருந்தால் அம்மகளின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்பதைப் பின்னர் அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாகவே எழுதினார். 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்நாவலுக்குக் கிடைத்தது.

இனி, கருத்து வேறுபாட்டுக்கு இடமான ஒன்றைச் சொல்லவேண்டும். நோயாளிகளுக்கு நம்பிக்கையூட்டும் நூல்களை மட்டுமே கொடுக்கவேண்டும், துயரக் கதைகளை அவர்கள் கண்ணில் படாமல் வைக்கவேண்டும் என்று உறவினர் பலர் கருதுகிறார்கள். அன்பினால் எழும் எண்ணம் அது. ஆனால், எல்லோருக்கும் பொருந்துவதில்லை. எல்லாம் நன்றாகவே முடியும் என்று ஒவ்வொரு பக்கமும் சொல்லும் நூலைப் படிக்கும்போது, தம் அச்சத்தைச் சொல்ல இடமில்லை என்று நோயுற்றவர் உணர்வதுண்டு. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்', நோயுற்ற மனைவியைத் தன்னந்தனியே பேணும் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவரின் கதை. அது மகிழ்ச்சியான கதை அன்று. இருப்பினும், கணவரைப் பல மாதங்களாகக் கவனித்துவரும் ஓர் அம்மையார், தம் களைப்பை வேறொருவர் அறிந்து எழுதியிருப்பதை அதில்தான் கண்டதாக எழுதியிருந்தார். அக்கதையை அவர் கையிலிருந்து பறித்திருந்தால் அந்த ஆறுதலையும் பறித்திருப்போம்.

எந்த நூல் வேண்டும் என்பதை வாசிப்பவரே தீர்மானிக்கட்டும் என்பது எங்கள் நிலை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்ற கருத்தைக் கூறுகிறது. படுக்கையில் இருப்பதால் ஒருவர் அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை. பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைக்கும் உரிமையும் அதில் அடங்கும். அதே வேளையில், வாசிப்பவரின் மனச்சோர்வு நாளுக்கு நாள் ஆழமாகிறது என்று கண்டால், புத்தகத்தை ஒளித்துவைப்பதோடு நில்லாமல் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ தெரிவியுங்கள்.

உடனிருப்போர் நினைவிற்கொள்ளத்தக்க சில செய்திகளும் உண்டு. புற்றுநோய்க்கான மருந்தேற்றத்தின்போது சிலருக்குக் கவனம் நிலைப்பதில்லை. நேற்றுப் படித்தது இன்று நினைவில் நிற்பதில்லை. அவர்களிடம் கதையில் என்ன நடந்தது என்று தேர்வு வைப்பதுபோல் கேட்கவேண்டாம். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் போதும். நீண்ட நாவலைவிடச் சிறுகதை அவர்களுக்கு எளிது. ஒரு கையால் மட்டுமே பிடிக்கக்கூடியவருக்குத் தடித்த நூலைவிட மெல்லிய நூல் ஏற்றது. கண் அறுவை செய்துகொண்டவர் எப்போது வாசிக்கலாம் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் தங்கும் பிரிவுகளுக்குப் பழைய நூல்களையோ பலர் கைமாறிய நூல்களையோ கொண்டுசெல்லும் முன் செவிலியரைக் கேளுங்கள்.

படிக்க இயலாதவருக்கும் எழுத்தறியாதவருக்கும் வாசித்துக் காட்டலாம். பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களை ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டுக் கருத்துச் சொன்ன வழக்கம் நம் ஊர்களில் இருந்ததுதான். அடுத்த படுக்கையில் இருப்பவர் உறங்குகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் குறிப்பு நூல்களையும் உணவு முறை பற்றிய நூல்களையும் வாசிப்பதாகச் சிலர் எழுதியிருந்தனர். அவற்றைப் பற்றியும் தாராளமாகப் பேசுங்கள். ஆனால், அந்த நூல்களை நம்பி மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். சந்தேகம் எழுந்தால், மருத்துவர் பார்வையிட வரும்போது அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். அவ்வாறு கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

அடுத்த இதழிலும் உங்கள் கருத்துகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். நீண்ட விமர்சனம் எழுதவேண்டியதில்லை. நூலின் பெயர், எதுவரை படித்திருக்கிறீர்கள், பிடித்தது எது, பிடிக்காதது எது என நான்கு வரிகள் போதும். கைவலியால் எழுத இயலாதவர் சொல்ல, உடனிருப்பவர் எழுதித் தரலாம். எழுதித் தருபவர் தம் கருத்தைக் கீழே தனியாகச் சேர்க்கட்டும். இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.