பணம் கட்டும் முன் சொற்களைக் கற்றுக் கொள்ளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்றவுடன் பலர் முதலில் தேடுவது விளையாட்டுகளைத்தான். அப்படித் தேடுகையில், “ஆன்லைன் டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம், ஒரு சீட் 20 டாலர்” என்பது போன்ற அறிவிப்புகள் கண்ணில் படலாம். இதைப் பார்ப்பவர்களில் சிலர், இது சூதாட்டம் என்று பயந்து விலகி விடுகின்றனர். வேறு சிலர், இது வீடியோ கேம் என்று எண்ணிப் பணம் கட்டி விடுகின்றனர். இரண்டுமே தவறு.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு இது. என்ன செய்யப் போகிறோம் என்பதை நாம் சொல்கிறோம். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனாவினால் அனைவரும் வீட்டில் அடைபட்டபோது, இந்த மேஜைகளில் பல இணையத்திற்கு மாறின. கட்டணம் வாங்கிக் கொண்டு விளையாட்டை நடத்தித் தருபவர்களும் பெருகினர்.

நம் ஊரில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வெல்லும் எதிர்பார்ப்போடு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. ஆனால் இங்கு பந்தயமும் இல்லை. பரிசுப் பணமும் இல்லை. வீட்டிற்கு வந்து வீணை கற்றுத் தருபவருக்குக் கட்டணம் தருவது போல, மூன்று மணி நேரம் கதையை நடத்தித் தருபவருக்குத் தரும் கூலி இது. நடுவில் பரிசு, பந்தயம் என்று யாராவது பேசினால் அது வேறு கடை. உடனே வெளியே வந்து விடுங்கள்.

இரண்டு முறை ஏமாந்த கதை

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் முறை, “சனிக்கிழமை இரவு 8 மணி” என்ற அறிவிப்பைப் பார்த்துப் பணம் கட்டினேன். சனி இரவு சரியாக எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக் கொண்டு அமர்ந்தேன். யாரும் வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திட்டிக் கொண்டே தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால், “நீங்கள்தான் வரவில்லை” என்று மெயில்! அவர்களின் இரவு 8 மணி என்பது அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம். நமக்கு அது ஞாயிறு அதிகாலை ஐந்தரை. கட்டணம் திரும்பவில்லை.

இரண்டாம் முறை நேரத்தைச் சரியாகப் பார்த்துக் கொண்டேன். “ஆர்.பி. ஹெவி” என்று போட்டிருந்தது. ஏதோ பெரிய சண்டை என்று நினைத்து, வாளும் கேடயமும் ஏந்திய ஒரு வீரனை உருவாக்கிக் கொண்டு போனேன். மூன்று மணி நேரமும் அரசவையில் பேச்சுவார்த்தை. என் வீரன் வாளை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. மற்ற நால்வரும் மிகவும் மகிழ்ந்து ரசித்தனர்.

இரண்டு முறையும் யாரும் என்னை ஏமாற்றவில்லை. எழுதியிருந்ததைத்தான் கொடுத்தார்கள். அந்தச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் நான்தான் பணம் கட்டினேன். எனவேதான் சொல்கிறேன்: நண்பர்களோடு இலவசமாக ஆடும்போது இந்தச் சொற்கள் வெறும் பேச்சு. பணம் கை மாறியவுடன் அவை ஒப்பந்தம். விலையைப் பார்க்கும் முன் சொற்களைப் பாருங்கள்.

ஆட்களும் பகடையும்

கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். என்பவர்தான் கதையை நடத்துபவர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மட்டும் இவருக்கு டன்ஜன் மாஸ்டர், அதாவது டி.எம். என்று பெயர். நாம் பிளேயர். நம் பாத்திரம் பி.சி. எனப்படும். பெர்சனல் கம்ப்யூட்டர் என்று குழம்ப வேண்டாம். இது பிளேயர் கேரக்டர். கடைக்காரர், காவலர், அரக்கன் என நாம் ஏற்காத மற்ற பாத்திரங்கள் எல்லாம் என்.பி.சி. அவர்கள் அனைவருக்கும் குரல் கொடுப்பவர் ஜி.எம். தான். நம் பாத்திரத்தின் வலிமை, திறமை, கையிருப்பு எல்லாம் எழுதிய தாள் கேரக்டர் ஷீட்.

டி20 என்பது இருபது முகம் கொண்ட பகடை. ஒரு கதவை உடைக்க வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஜி.எம். மனதில் அதற்கு 15 என்ற இலக்கு எண் இருக்கிறது. இதுதான் டி.சி. பகடையில் 11 விழுகிறது. உங்கள் வலிமைக்கு 4 கூடுதல். மொத்தம் 15. கதவு உடைந்தது. ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். பகடையை வாங்க வேண்டிய தேவையும் இல்லை. கம்ப்யூட்டரே உருட்டித் தரும்.

அறிவிப்பில் கவனிக்க வேண்டியவை

சிஸ்டம் என்றால் எந்த விளையாட்டின் விதிகள் என்று பொருள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. 2024இல் திருத்திய விதிகள் வந்தன. இரண்டில் எது என்று கேட்டுக் கொள்ளுங்கள். பாத்ஃபைண்டர், திகில் கதைகளுக்கான கால் ஆஃப் கதுல்ஹூ போன்ற வேறு சிஸ்டங்களும் உண்டு. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்.ஆர்.டி. என்ற தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதனை இலவசமாகவே டவுன்லோட் செய்து படிக்கலாம். விதிப் புத்தகத்தை முதல் நாளே வாங்கிவிட வேண்டாம்.

ஒன் ஷாட் என்பது ஒரே அமர்வில் முடியும் கதை. கேம்பைன் என்பது வாரக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தொடரும் கதை. ஒவ்வொரு அமர்வும் ஒரு செஷன். கட்டணம் பெரும்பாலும் ஒருவருக்கு, ஒரு செஷனுக்கு என்ற கணக்கில் இருக்கும். இங்குதான் பலர் சறுக்குகின்றனர். 20 டாலர் சிறு தொகையாகத் தோன்றலாம். வாரம் ஒரு செஷன் என்றால் மாதம் 80 டாலர். ஆறு மாதம் ஓடினால் 480 டாலர். அத்துடன் வங்கி எடுத்துக் கொள்ளும் அன்னியச் செலாவணிக் கட்டணம் வேறு. என் கருத்து திட்டவட்டமானது: முதல் ஆட்டம் ஒன் ஷாட்டாகத்தான் இருக்க வேண்டும். ஜி.எம்.மின் குரலும் போக்கும் பிடித்த பின் கேம்பைனில் சேரலாம்.

ஆர்.பி. ஹெவி என்றால் பேச்சும் நடிப்பும் அதிகம். காம்பேட் ஹெவி என்றால் சண்டை அதிகம். ஹோம்ப்ரூ என்றால் ஜி.எம். தாமே உருவாக்கிய உலகம் அல்லது விதி. ஆர்.ஏ.டபிள்யூ. என்றால் புத்தகத்தில் உள்ளபடியே, இம்மியும் பிசகாமல். பிகினர் பிரெண்ட்லி என்ற சொல் இருந்தால், விதி தெரியாதவர்களுக்கும் இடம் உண்டு என்று பொருள். புதியவர்கள் இந்தச் சொல் இல்லாத மேஜையில் அமர வேண்டாம் என்பேன்.

வி.டி.டி. என்பது வெர்ச்சுவல் டேபிள்டாப். வரைபடம், பொம்மைகள், பகடை எல்லாவற்றையும் திரையில் காட்டும் மேஜை. 2012இல் வந்த ரோல்20 பிரவுசரிலேயே இயங்கும். இலவச அக்கவுண்ட் போதும். 2020இல் வெளியான பவுண்டரியில் ஜி.எம். மட்டும் உரிமம் வாங்கினால் போதும். பிளேயர்கள் பிரவுசர் வழியே நுழையலாம். பேசுவதற்குப் பெரும்பாலும் டிஸ்கார்ட் பயன்படுகிறது. முந்தைய நாளே மைக்கைச் சோதித்து விடுங்கள். மூன்று மணி நேர ஆட்டத்தில் அரை மணி நேரத்தை “என் குரல் கேட்கிறதா?” என்பதிலேயே செலவழித்தால், அது மற்றவர்களின் பணமும்கூட. வரைபடம் எதுவும் இன்றி, விவரிப்பை மட்டும் கேட்டு மனக்கண்ணில் கண்டு ஆடுவதற்குத் தியேட்டர் ஆஃப் தி மைண்ட் என்று பெயர். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே வசதி.

டைம் ஸோன் பற்றி என் கதையே பாடம். இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அன்று பின்னே இழுப்பார்கள். கிழக்குப் பகுதியின் இரவு 8 மணி, கோடையில் நமக்கு அதிகாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. நோ ஷோ என்றால் சொல்லாமல் வராமல் போவது. எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் பணம் திரும்பும் என்பதனைக் கேன்சலேஷன் விதியில் படித்துவிட்டுத்தான் கார்டு எண்ணைத் தர வேண்டும்.

ஒரே ஒரு சொல் போதும் என்றால்

இத்தனையும் நினைவில் நிற்காது என்பவர்கள் ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக் கொள்ளுங்கள். அது செஷன் ஜீரோ. கதை தொடங்கும் முன் அனைவரும் கூடி, எப்படிப்பட்ட கதை, எவ்வளவு வன்முறை, யார் என்ன பாத்திரம், வராமல் போனால் என்ன என்று பேசி முடிவெடுக்கும் அமர்வு. லைன்ஸ் அண்ட் வெயில்ஸ் என்பது இங்குதான் வரும். லைன் என்றால் கதையில் வரவே கூடாதது. வெயில் என்றால் வரலாம், ஆனால் விவரிக்காமல் திரை போட்டுவிட வேண்டியது. எக்ஸ் கார்டு என்பது ஆட்டத்தின் நடுவே ஒரு காட்சி மனதைப் புண்படுத்தினால், காரணம் சொல்லாமலேயே அதனைத் தவிர்க்கச் சொல்லும் உரிமை.

இதெல்லாம் விளையாட்டில் எதற்கு என்று சிலர் கேலி செய்வதுண்டு. நான் ஏற்க மாட்டேன். பள்ளி நண்பர்கள் ஐவர் ஆடினால், ஒருவர் முகம் வாடுவது மற்றவர்க்குத் தெரியும். இங்கு ஐந்து நாடுகளைச் சேர்ந்த, முகம் அறியாத ஐவர். குரல் மட்டுமே கேட்கிறது. சண்டை வந்தால் எழுந்து போகவும் தயக்கம், பணம் கட்டியிருக்கிறோமே! உங்கள் மகனோ மகளோ சேர விரும்பினால், குழுவில் உள்ளவர்களின் வயது வரம்பையும் செஷன் ஜீரோவிலேயே கேளுங்கள். முடிந்தால் முதல் ஆட்டத்தில் அருகில் அமருங்கள். கேம்பைன் நடத்தும் ஜி.எம். ஒருவர் “செஷன் ஜீரோ எல்லாம் வேண்டாம், நேராக ஆடலாம்” என்றால் அங்கு பணம் கட்ட வேண்டாம். ஒன் ஷாட்டில் கூட, தொடங்கும் முன் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குபவரே நல்ல ஜி.எம்.

நடத்த விரும்புபவர்களுக்கு

ஐந்து பேர், ஆளுக்கு 20 டாலர், மூன்று மணி நேரத்தில் 100 டாலர் என்று கணக்குப் போட்டு மயங்க வேண்டாம். கதையும் வரைபடமும் தயாரிக்கப் பல மணி நேரம் போகும். இதற்குப் பிரெப் என்று பெயர். ஆட்களைப் பிடித்துத் தரும் ஸ்டார்ட் பிளேயிங் போன்ற தளங்கள் தங்கள் பங்கை எடுத்துக் கொள்ளும். வி.டி.டி. செலவும் உண்டு. ஐந்து சீட்டுகளும் ஒவ்வொரு வாரமும் நிரம்பும் என்பதற்கும் உறுதி இல்லை. முதலில் நண்பர்களுக்கு இலவசமாகப் பத்து ஆட்டமாவது நடத்திப் பாருங்கள். பிறகு அறிவிப்பு எழுதும்போது சிஸ்டம், ஆட்ட வகை, நேரம், யாருடைய நேரம், கட்டணம், கேன்சலேஷன் ஆகிய ஆறையும் புதியவருக்கும் புரியும்படி விளக்கி எழுதுங்கள். “ஆர்.பி. ஹெவி” என்று எழுதும் இடத்தில், “பேச்சு அதிகம், சண்டை குறைவு” என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அன்று என் வீரன் வாளோடு வந்திருக்க மாட்டான்.

அந்த வீரனைப் பிறகு ஒரு ஒன் ஷாட்டில் இறக்கினேன். இம்முறை ஆறு கேள்விகளையும் முன்பே கேட்டு, அலாரம் வைத்து, அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து காபியோடு அமர்ந்தேன். கடைசிச் சண்டையில் பகடையில் 20 விழுந்தபோது, எங்கோ நான்கு நாடுகளில் இருந்த நால்வரும் கத்திய சத்தத்தில் ஹெட்போன் அதிர்ந்தது. கட்டிய பணம் ஒரு பைசா கூட வீணில்லை. நீங்களும் இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் அருகே ஒட்டி வையுங்கள். கார்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.