நுண்ணளவின் மாண்பு

கடத்தூர்ச் சந்தையில் வெல்லம் நிறுக்கும் தராசில் எவரும் பொன்னை நிறுப்பதில்லை. பொருளின் அருமை மிகுந்தால் அளவின் நுண்மையும் மிகவேண்டும் அன்றோ? இது வணிகத்துக்கேயன்றி அறிவியலுக்கும் பொருந்தும்.

மாணவர்களே, அணுவுலைக்கு எரிபொருளாகும் புளூட்டோனியம் பேராற்றலும் பெருந்தீங்கும் ஒருங்கே உடையது. 8 கிலோகிராம் தவறான கையிற் சேரின், அணுகுண்டு செய்யும் வாய்ப்பை மறுக்கவியலாது என்பது பன்னாட்டு அணுசக்தி முகமையின் கணக்கு. 800 கிலோகிராமை அளக்கையில் நூற்றுக்கு ஒன்று பிழைப்பினும், அப்பிழையே 8 கிலோகிராம் ஆகிவிடும்!

அப்பொருள் வெளியிடும் காமாக் கதிர்களின் ஆற்றலை அளந்தால், அதனைக் கரைக்காமலே அதன் கூறுகளை அறியலாம். ஆயினும், ஆற்றலில் மிக நெருங்கிய கதிர்கள், பெருவழக்காகவுள்ள ஜெர்மானியக் கருவியில் ஒன்றாய்க் கலந்து தோன்றும்.

இக்குறையைப் போக்க வந்ததே மீகடத்தி உணர்கருவி. கடுங்குளிரில் பாதரசம் மின்தடையை முற்றும் இழப்பதை 1911ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் கேமர்லிங் ஆன்னஸ் கண்டார். அவ்வியல்புடைய மெல்லிய உலோகப் படலத்தை, தடை நீங்கும் எல்லையிலேயே நிறுத்துவர். அதனோடு இணைந்த வெள்ளீயத் துண்டில் காமாக் கதிர் வீழ்ந்ததும் சிறு வெப்பம் எழும். படலத்தின் தடை பெரிதும் மாறும். அம்மாற்றம் கதிரின் ஆற்றலைக் காட்டும். அமெரிக்க ஆய்வாளர் இம்முறையால் ஜெர்மானியத்தினும் ஏறக்குறையப் பத்து மடங்கு நுண்மை கண்டனர்.

கல்பாக்கத்தில் 1985ஆம் ஆண்டில் புளூட்டோனியம் கலந்த எரிபொருளால் சோதனை ஈனுலை இயக்கம் பெற்றது. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார், நுண்ணிய காந்தப் புலத்தை அளக்கும் ‘ஸ்குவிட்’ என்னும் மீகடத்திக் கருவியையும் ஆக்கியுள்ளனர். மேற்கூறிய படலத்தின் மாற்றத்தைப் படித்தறிய உதவுவதும் ஸ்குவிட்டே. எனவே, காமாக் கதிரை அளக்கும் கலையும் நம் நாட்டில் தழைத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

குளிரூட்டும் செலவு மிகுதி என்பர். ஒரு படலம் நொடிக்குச் சில கதிர்களையே எண்ணும் என்றும் கூறுவர். இவை மெய்யே. எனினும், நூற்றுக்கணக்கான படலங்களை ஒருங்கமைத்து, விரைவுக் குறையை ஆய்வாளர் தணித்துள்ளனர். செலவோ, கணக்குத் தவறுவதால் விளையும் கேட்டினும் சிறிதே.

ஆற்றலை ஆக்குவோரைப் போற்றும் நாடு, அதனைச் செவ்விதின் அளப்போரையும் போற்றுக. அளவு பிழையாத இடத்திலேதான் மக்களின் நம்பிக்கை நிலைபெறும்.