சாடியில் சோழி நிரப்பினால் கடற்கரை வீடா?

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டைப் பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடிகளில் இப்போது ஒரு மோகம். ‘கோஸ்டல் மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று பெயர். 1950களில் மேல்நாட்டில் பரவிய எளிய மரச்சாமான் பாணியைக் கடற்கரைக்குத் தோதாக மாற்றியதாம். அலங்காரம் செய்பவர் வந்து வெளிர்நீலம் அடிக்கிறார், சுவரில் நங்கூரம் மாட்டுகிறார், கண்ணாடிச் சாடியில் சோழி நிரப்புகிறார், கால் சாய்ந்த சோபா ஒன்றைப் போடுகிறார். பில் லட்சத்தில். ஜன்னலோ பெரிய கண்ணாடி, திறக்கவே திறக்காது. அதுதான் ஏ.சி. இருக்கிறதே என்கிறார்.

பாணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் உயிரை விட்டுவிட்டுத் தோலை விற்கிறார்கள், அதைத்தான் ஏற்க முடியவில்லை.

உயிரைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். நான் பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரியிலேயே இருக்கிறது: அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொந்த் விடுதி. ஐதராபாத் நிஜாம் அரசின் நன்கொடையில் கட்டியதால் கோல்கொண்டாவின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்பில். அன்டோனின் ரேமண்ட் வரைந்த கட்டிடம். 1937ல் வேலை தொடங்கியது. கூடவே இருந்து கட்டிய இளைஞர் ஜார்ஜ் நகாஷிமா, பின்னாளில் அமெரிக்க மரச்சாமான் கலையில் பெரிய பெயர். அதாவது, இவர்கள் இன்று இறக்குமதி செய்கிற பாணியின் ஆசான்களில் ஒருவர் நம் கடற்கரையில் வேலை பார்த்தவர்.

அங்கே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திருப்பித் திறக்கும் பட்டைகள். பள்ளியில் நாங்கள் பெர்சியென் என்போம், சென்னையில் வெனிஷியன் ஜன்னல் என்பார்களே, அதை வீடளவுக்குப் பெரிதாக்கியது போல. அறைக் கதவுகளும் தேக்குச் சட்டங்கள். மூடினாலும் காற்று போகும். தரை கடப்பைக் கல். கிளிஞ்சலும் உண்டு, சாடியில் அல்ல, சுவர்ப் பூச்சில்!

அடுத்தது நாற்காலி. சண்டிகரில் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகளை அரசு அலுவலகங்களே பழைய சாமான் என்று ஏலம் விட்டன. வெளிநாட்டு ஏலங்களில் அவை லட்சக்கணக்கில் போனபிறகுதான், 2011ல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. நான் உத்தியோகம் பார்த்ததும் பிரம்பு நாற்காலியில்தான். சித்திரை வெயிலிலும் முதுகு ஒட்டாது. அவற்றையும் ஒருநாள் கழித்துவிட்டு ரெக்ஸின் சுழல் நாற்காலி கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் சட்டை நனைந்துவிடும்.

இப்போது அதே தப்பை வீட்டுக்குள் செய்கிறோம். தாத்தா உட்கார்ந்த தேக்கு நாற்காலியைப் பிரம்பு கிழிந்தது என்று காயலான் கடைக்குப் போடுகிறோம். பதிலுக்கு வாங்குவது, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. இந்த ஈரக்காற்றில் இரண்டு ஐப்பசி கண்டால் அடி ஊதிவிடும். பிரம்பு பின்ன ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே ஆள் இருப்பார்? கூடை, பெட்டி வேண்டுமானால் பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் முடைகிறார்கள். கண்காட்சிகளில் ஊரார் வாங்குகிறார்கள், பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான் அலுமினிய நங்கூரம் வேண்டியிருக்கிறது.

“சிப்காட் புகையும் இரும்பாலைத் தூசியும் இருக்கும்போது ஜன்னலைத் திறப்பதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு மனு எழுத வேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்காக எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால், அந்தப் புகையைப் பற்றிக் கேட்கவே ஆள் இருக்காது.

அலங்காரம் செய்பவர் கொட்டேஷனோடு வந்தால் கையெழுத்துக்கு முன் ஒன்று கேளுங்கள்: மத்தியானம் கடல் காற்று இந்த வீட்டில் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும்? பதிலுக்கு அவர் வண்ண அட்டையை நீட்டினால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.