பிரமிடைக் கட்டியது யார்?

பத்தாம் வகுப்பு மாணவி

தாத்தாவின் அலமாரியிலிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து எனக்கும் வந்து சேர்ந்த நூல் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தில் ஓட்டல் நிர்வாகியாக இருந்த எரிக் ஃபான் டேனிகன் 1968-ல் ஜெர்மன் மொழியில் எழுதியது அது. பழங்காலத்தில் வேற்றுக் கிரகத்தார் விண்கலங்களில் வந்து மனிதனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்துச் சென்றனர் என்பதே அதன் சாரம். ஆறாம் வகுப்பு விடுமுறையில் அதை மூன்று முறை படித்தேன். துப்பறியும் கதை தோற்றது போங்கள்!

இவ்வாண்டு மீண்டும் படித்தபோது, கையில் பென்சிலும் இருந்தது. தோழியரே, அந்நூலில் எத்தனை கேள்விக்குறிகள் தெரியுமா? "இப்படி இருந்திருக்கலாம் அல்லவா?" என்று ஒரு பக்கத்தில் கேட்பார். சில பக்கங்கள் தள்ளி, அதுவே நிரூபிக்கப்பட்ட செய்தியாக நடமாடும். கணிதத் தேர்வில் நாம் இப்படி எழுதினால் என்ன மதிப்பெண் கிடைக்கும்?

பெரிய பிரமிடையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பத்துக் கற்கள் வைத்தால் கட்டி முடிக்க அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே மனிதரால் இயலாது என்கிறார். வகுத்தல் சரிதான். ஆனால் பத்துக் கற்கள் என்று யார் சொன்னது? அவரேதான். சுமார் 23 லட்சம் கற்களை இருபது ஆண்டுகளில் வைக்க நாளுக்கு முந்நூறுக்குச் சற்று மேல் வேண்டும். பல குழுக்கள் ஒரே நேரத்தில் உழைத்தால் அது நடக்காத காரியமன்று.

உழைத்தவர்கள் யார் என்பதும் இன்று தெரியும். 1990-ல் கீசாவில் அத்தொழிலாளரின் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகள் அங்கே கிடைத்தன. முறிந்து, பிறகு கட்டுப்போட்டுக் கூடிய எலும்புகளும் கிடைத்தன. 2013-ல் செங்கடல் ஓரத்தில் மேரர் என்னும் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பே அகப்பட்டது. தூராவில் சுண்ணாம்புக்கல் ஏற்றியதையும், நைல் வழியே படகில் கீசாவுக்குக் கொண்டு சென்றதையும் நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். 4,500 ஆண்டுகளுக்கு முந்திய கணக்குப் புத்தகம்! விண்கலம் வந்ததாக அதில் ஒரு வரியும் இல்லை.

பெரு நாட்டின் நாஸ்கா கோடுகளும் அப்படியே. மேலே கிடக்கும் கருஞ்செந்நிறக் கற்களை அகற்றினால் அடியில் வெளிர்மண் தெரியும், அவ்வளவுதான். 1982-ல் அமெரிக்காவில் ஜோ நிக்கல் என்பவர் சில உறவினரோடு சேர்ந்து, மரக்குச்சியும் கயிறும் கொண்டே அத்தகைய 440 அடிப் பறவை ஒன்றைத் தரையில் வரைந்து காட்டினார். நம் டில்லி இரும்புத்தூணையும் அந்நூல் விடவில்லை. அது பெரிதும் துருப்பிடிக்காததற்குக் காரணம், இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸும் அதனால் மேலே படிந்த காப்புப்படலமுமே என்பதைக் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட காட்சியும் அவருக்கு விண்கலந்தான். மறைக்கல்வி வகுப்பில் அதைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை தனிக்கதை.

என் மனத்தை உறுத்துவது வேறு. இந்த நூலில் விண்ணவரின் உதவி தேவைப்படுவோர் பெரும்பாலும் எகிப்தியர், பெருநாட்டார், மாயா மக்கள், ஈஸ்டர் தீவினர் முதலியோரே. ஐரோப்பாவின் கோதிக் பேராலயங்களை எழுப்ப வானிலிருந்து எவரும் இறங்குவதில்லை. அவற்றைக் கட்டக் கொத்தனார்களால் முடியுமாம்! முதுகு தேய உழைத்த எகிப்தியனின் கூலியை மட்டும் முகந்தெரியாத ஒருவன் பெயரில் எழுதுவது என்ன நியாயம்?

இத்தகைய நூல்களை நூலகத்திலிருந்து அகற்றிவிடலாம் என்று சில பெரியோர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாஸ்கா என்ற பெயரை எனக்கு முதலில் சொன்னது பாடநூலன்று, இந்த நூல்தான். அது அங்கேயே இருக்கட்டும். மேரரின் நாட்குறிப்பைப் பற்றிய நூல் ஒன்றையும் வாங்கி, அதே தட்டில், அதற்குப் பக்கத்திலேயே வைக்குமாறு நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரியை வேண்டிக்கொள்கிறேன்.