வெறுங்கூடு போதும்

ஐம்பதாயிரம் கொடுத்து லேப்டாப் வாங்கத் தயங்காத நாம், அதனுள் சேர்ந்திருக்கும் இரண்டாண்டு உழைப்பைப் பிரதியெடுத்து வைக்கச் சில நூறு ரூபாய் செலவிட யோசிக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் இரவெல்லாம் விழித்திருந்து எடுத்த எக்ஸ்ரே அளவீடுகளை மறுபடி எடுப்பது எளிதன்று. கருவிக்கு முறை கிடைக்கவே மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டுமே!

“கூகிள் டிரைவ் இருக்கிறதே” என்பர் நண்பர் சிலர். இருக்கிறது, காசின்றிக் கிடைப்பது 15 ஜி.பி. அதில் கடிதங்களுக்கும் பங்குண்டு. ஆய்வேட்டின் எழுத்துப் படிக்கு அதுவே போதும். அளவீட்டுக் கோப்புகளுக்குப் போதாது. அவற்றுக்குக் கையில் ஒரு டிஸ்க் வேண்டும்.

எந்த டிஸ்க்? கடையில் மூடி முத்திரையிட்டு விற்கும் ஆயத்த டிஸ்கை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. அவற்றுள் சிலவற்றில் யூ.எஸ்.பி. துளை டிஸ்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். துளை ஆடிப்போனால், உள்ளே தட்டு நலமாக இருந்தும் எடுக்க வழியில்லை. என்க்ளோஷர் என்று கடைக்காரர் சொல்லும் வெறுங்கூட்டை வாங்கி, டிஸ்கை நாமே பொருத்தினால் அந்தத் தொல்லை இல்லை. கூடு கெட்டால் டிஸ்கை உருவி வேறு கூட்டில் வைக்கலாம். பழைய லேப்டாப்பின் டிஸ்க் வீட்டிலே சும்மா கிடந்தால் டிஸ்குக்கும் செலவில்லை. ஆனால் அதன் உடல்நலத்தை ஒரு மென்பொருளால் சோதித்த பின்பே நம்புங்கள்.

கூட்டிலும் வகையுண்டு. 2.5 அங்குல டிஸ்குக்கான கூடு லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் பெறும். 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட் கேட்கும்; அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். மூவருக்கு இரண்டு பிளக் உள்ள விடுதி அறையில் அது ஒரு வழக்குக்கு வித்திடும்! குச்சி போன்ற எம்.2 வகையில்தான் பலர் ஏமாறுகின்றனர். சாட்டா, என்.வி.எம்.இ. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ.; இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒன்றின் கூடு மற்றதற்கு உதவாது. இரண்டையும் ஏற்கும் கூடும் உண்டு, விலை சற்றுக் கூடும். என்.வி.எம்.இ. வேலை செய்யும்போது நன்றாகச் சுடும். அதற்கு அலுமினியக் கூடே தக்கது.

வேகத்தைப் பற்றிக் கடைத்தெருவில் நடக்கும் ஆரவாரம் சொல்லி முடியாது. 2008-ல் 3.0 என்று பிறந்த அதே 5 ஜிகாபிட் இணைப்பு, பின்னர் 3.1 ஜென் 1 என்றும் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றிக்கொண்டது. பெயருக்கு ஏமாறாமல் ஜிகாபிட் எண்ணைக் கேளுங்கள். சுழலும் டிஸ்க் நொடிக்கு 100 எம்.பி. அளவில் ஓடுவது, அதற்கு 10 ஜிகாபிட் கூடு மாட்டுவண்டிக்கு விமான ஓடுதளம் போட்ட கதைதான். கேபிளைப் பாருங்கள்! கைப்பேசியோடு வரும் சி வகைக் கேபிள்களில் பல 2.0 வேகத்தைத் தாண்டா. 500 ஜி.பி.யைப் பிரதியெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆவது, அந்தக் கேபிளில் நான்கு மணி நேரமாகும்.

கடவுச்சொல் பொத்தான் வைத்த கூடுகளையும் நான் விரும்புவதில்லை. பூட்டு கூட்டின் சில்லில் இருந்தால், சில்லு எரிந்த நாளில் டிஸ்கும் ஊமையாகிவிடும். பூட்டை மென்பொருளால் போட்டுக்கொள்ளலாம்.

விடுதித் தோழர் ஒருவருடைய பை, சென்ற கோடையில் ஊருக்குப் போகும் வழியில் ரயிலில் களவு போயிற்று. லேப்டாப்பும் பிரதி டிஸ்கும் ஒரே பையில்! தில்லியிலிருந்து சென்னைக்கு இரண்டு இரவுப் பயணம். எவ்வளவு நேரம்தான் விழித்திருப்பது? ஒரு பருவத்து வேலையை அவர் முதலிலிருந்து செய்து கொண்டிருக்கிறார். ஊருக்குப் போகையில் டிஸ்க் அறைத் தோழரிடமோ ஆய்வுக்கூட அலமாரியிலோ தங்கட்டும்.

நம் சங்கத்துக்கும் இதில் ஒரு வேலையுண்டு. லேப்டாப்பின் மதர்போர்டு இறந்தாலும் உள்ளே டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். அதைக் கூட்டில் மாட்டினால் கோப்புகள் கைக்கு வரும். டிஸ்க் பலகையிலேயே பற்றவைத்த மெல்லிய வகைகளுக்கு மட்டும் இது உதவாது. பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முன்பே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை தேவைப்படும் இந்தக் கூட்டை ஒவ்வொருவரும் வாங்குவானேன்? சாட்டாவுக்கு ஒன்றும் என்.வி.எம்.இ.க்கு ஒன்றுமாகச் சங்க அறையில் இருந்தால், நூலகப் புத்தகம் போல எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். அடுத்த செயற்குழுவில் இதைக் கேட்க இருக்கிறேன். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் என்னிடமே உண்டு. அதற்குச் சங்கம் செலவிட வேண்டியதில்லை.