திருட்டு நகலில் ஒரு நேர்மையான கணக்கு

ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை, என் வரிக்கணக்கைப் பார்க்கிற ஆடிட்டரின் ஆபீஸிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், பி.காம். முடித்துவிட்டு மேல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவன். என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவன் முகம், ஆற்றங்கரையில் செருப்பைத் தொலைத்தவன் முகம்போல் ஆகிவிட்டது.

"இதிலே விண்டோஸ் இல்லையா, ஸார்?"

"இல்லை, தம்பி. லினக்ஸ்."

"அப்போ எக்ஸெல்?"

"அதுவும் இல்லை."

உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். "கவலைப்படாதீங்க, ஸார். விண்டோஸ், ஆபீஸ், கிராக் எல்லாம் இதிலே இருக்கு. அரை மணியிலே போட்டுடலாம். காசு ஒண்ணும் வேண்டாம்."

கிராக் என்றால் பூட்டை உடைக்கிற சாவி. அதாவது, ஒரு பைசா ஒளிக்காமல் சர்க்காருக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும்; அந்தக் கணக்கை எழுதுவதற்கு முதலில் ஒரு திருட்டைச் செய்ய வேண்டும்! அந்தப் பையனுக்கு இதில் ஒரு விகற்பமும் தோன்றவில்லை. அவனை நான் குற்றம் சொல்லவும் மாட்டேன். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தச் சாவி இல்லை?

எனக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது என்றால், நான் திருட்டுக் கொடுத்தவன். என் நாவல்களைப் பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அருமையான நாவல், படியுங்கள்" என்று எனக்கே சிபாரிசு செய்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் கோபித்துக்கொள்ளும் உரிமை வேண்டுமானால், என் வீட்டில் பிறர் உழைப்பின் திருட்டு நகல் இருக்கக் கூடாதல்லவா? அதனால்தான் லினக்ஸுக்கு வந்தேன். 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய காரியம் அது. சமையல் குறிப்பை மறைக்காமல் ஊருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிற சமையற்காரரைப்போல், உள்ளே இருப்பது எதையும் ஒளிக்காத சாப்ட்வேர். எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். யாரும் திருடன் என்று சொல்ல முடியாது.

வீட்டுக் கணக்கைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்பு ஒரு கம்பெனியின் சாப்ட்வேரில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் அவர்கள் கடையைக் கட்டினார்கள். என் ஆறு வருஷத்துப் பால் கணக்கும் பத்திரிகைச் சன்மானமும் அவர்கள் பூட்டுக்குள்ளேயே செத்துப்போயின. பெரிய கம்பெனிகள் மட்டும் என்ன? மைக்ரோஸாப்ட் தன் 'மணி' என்ற வீட்டுக் கணக்குச் சாப்ட்வேர் விற்பனையை 2009-ல் நிறுத்திவிட்டது. இப்போது நான் எழுதுவது க்னூகேஷில். 1998-ல் அதன் முதல் பதிப்பு வந்தது. இன்னும் உயிரோடு இருக்கிறது. பற்று, வரவு என்று ஒவ்வொரு தொகையையும் இரண்டு இடத்தில் எழுதுகிற பழைய முறைதான். நகரத்தார் கடைகளில் பேரேடு எழுதி ஐந்தொகை கட்டியவர்களை உட்கார வைத்தால், பொத்தான்கள் பிடிபட்டதும் மீதியை எனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பதிப்பகம் ராயல்டியில் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினால், கைக்கு வந்தது ஒரு பக்கம், பிடித்த வரி இன்னொரு பக்கம் என்று அழகாய் நின்றுவிடும். இதைவிடச் சுலபம் வேண்டுமென்றால் ஹோம்பேங்க் இருக்கிறது, கே-மை-மணி இருக்கிறது.

வரிப் படிவம் என்று வந்தால்தான் சங்கடம். கணக்கின் இலக்கணம் 1494-ல் வெனிஸில் பச்சோலி என்ற பாதிரியார் அச்சிட்டு வைத்தது. இன்றுவரை பெரிதாய் மாறவில்லை. அதற்கு ஒரு தடவை சாப்ட்வேர் எழுதினால் இருபது வருஷம் ஓடும். வரிச் சட்டமோ பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. எழுத்தாளன் ராயல்டிக்கு மூன்று லட்சம் வரை கழிவு உண்டு என்று 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பிறகு புதிய வரிமுறை என்று ஒன்று கொண்டுவந்து, அதில் சேர்ந்தால் அந்தக் கழிவு கிடையாது என்றார்கள். இந்த மாற்றங்களையெல்லாம் வருஷா வருஷம் ராத்திரி கண்விழித்து இனாமாக எழுத எந்தத் தொண்டனுக்கு ஆசை வரும்? பாட்டுக் கேட்கிற சாப்ட்வேருக்கு ஆயிரம் பேர் வருவார்கள். வரிப் பட்டியலுக்கு வரமாட்டார்கள்.

அப்படியானால் யார் எழுத வேண்டும்? விதியை மாற்றுகிறவர்தான் எழுத வேண்டும். சர்க்கார் எழுதத்தான் செய்கிறது. ஆனால் யாருக்காக? முன்பு இலாகா கொடுத்த ஜாவா நிரல் லினக்ஸிலும் ஓடிற்று. 2021 வாக்கில் அதைக் கைவிட்டார்கள். எக்ஸெல் தாள் இருக்கிறது. அது மைக்ரோஸாப்டின் எக்ஸெலை நம்பி எழுதப்பட்டது. லினக்ஸில் உள்ள லிபர்ஆபீஸில் திறந்தால் கட்டங்கள் தெரியும், பொத்தான்கள் ஊமையாய் நிற்கும். இத்தனைக்கும், இ-ஆளுகைக்குப் பொதுவான தரங்களைக் கைக்கொள்வோம் என்று 2010-லும், திறந்த சாப்ட்வேருக்கே முதலிடம் தர முயல்வோம் என்று 2015-லும் கொள்கை வகுத்தது இதே இந்திய சர்க்கார்தான்!

"இணையத்திலேயே நேரே நிரப்பலாமே, எந்தக் கம்ப்யூட்டராயிருந்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயம். நிரப்பலாம், நான் அப்படித்தான் நிரப்புகிறேன். ஆனால் பங்கு வாங்கி விற்ற ஒருவர் இருநூறு வரிகளை மின்சாரமும் இணைப்பும் போய்ப் போய் வருகிற ஊரில் உட்கார்ந்து நேரே நிரப்பிப் பார்க்கட்டும். தவிர, அனுப்பும் முன் நாலு நாள் வைத்துத் திருத்துகிற கணக்கு என் வீட்டு மேஜையில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதிகப்பிரசங்கித்தனமா? நாவலின் கைப்பிரதியை அப்படித்தானே வைத்திருக்கிறேன்!

படிவம் எந்த உருவத்தில் வந்து சேர வேண்டும் என்ற இலக்கணத்தை இலாகா வெளிப்படையாகவே பிரசுரிக்கிறது. ஆகவே இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்தப் படிவத்தை நிரப்புகிற நிரலின் மூலத்தையும் அதேபோல் வெளியிட்டுவிட்டால், லினக்ஸுக்கு அதை மாற்றிக் கொடுக்க நாலு இளைஞர்கள் கிடைப்பார்கள். புதிதாய் எழுதுவது வேறு. இருப்பதைச் செப்பனிடுவது வேறு. அமெரிக்க வரி இலாகா 2024-ல் பரீட்சார்த்தமாக நடத்திய இலவசப் படிவ நிரலின் மூலத்தை 2025-ல் ஊரறிய வெளியிட்டது. அந்தத் திட்டத்தையே பிறகு கைவிட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை. வெளியிட்ட மூலத்தை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதை நாம் ஏன் கேட்கவில்லை? அந்தப் பென் டிரைவ்தான் காரணம். எக்ஸெலுக்கு உண்மையாகவே காசு கொடுக்க நேர்ந்திருந்தால், மயிலாப்பூரிலிருந்து மதுரைவரை கடிதம் பறந்திருக்கும். எல்லாரிடமும் எக்ஸெல் இருக்கிறது என்று சர்க்கார் நினைக்கிறது. எப்படி இருக்கிறது என்று சர்க்காரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

பையன் பென் டிரைவை நீட்டியபடியே நின்றான்.

"வேண்டாம், தம்பி. பையிலே போட்டுக்கொள்."

"அப்போ படிவம், ஸார்?"

"உட்கார். கரண்ட் இருக்கிறது. போவதற்குள் நேரே நிரப்பிவிடலாம்" என்றேன்.